திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில்? ஈபே, அமேசான், எட்ஸி, பேபால் ரிட்டர்ன் முறைகள்: ஒரு விமர்சனம்

இணையச் சந்தையில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பும்போது மூன்று தொகைகள் கணக்கில் வருகின்றன: பொருளின் விலை, அது உங்களிடம் வந்து சேர்ந்த தபால் செலவு, அது திரும்பிப் போகும் தபால் செலவு. “முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்” என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் முதல் தொகையைத்தான் சொல்கிறார்கள். இரண்டாவது சில சமயம் சேரும். தகராறு வருவதெல்லாம் மூன்றாவதில்தான்.

அந்த மூன்றாவது தொகையை யார் கொடுப்பது என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, ரிட்டர்ன் படிவத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் காரணம். இன்னொன்று, நீங்கள் எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்பது: சந்தையின் ரிட்டர்ன் பக்கமா, பணம் செலுத்திய சேவையா, கார்டு கொடுத்த வங்கியா. ஒரே பொருள், ஒரே குறை. ஆனால் கதவு மாறினால் செலவு ஏற்பவரும் மாறிவிடுவார். இதைத் தெரியாமல் அவசரத்தில் முதலில் கண்ணில் பட்ட பொத்தானை அழுத்துகிறவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

ஈபேயிலிருந்து தொடங்கலாம். விதிகள் அதிகம் எழுதி வைக்கப்பட்டிருப்பது அங்கேதான். தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அங்கேதான்.

ஈபே எல்லா ரிட்டர்ன் காரணங்களையும் இரண்டு பக்கமாகப் பிரிக்கிறது. மனம் மாறியது, அளவு பொருந்தவில்லை, தவறுதலாக ஆர்டர் செய்தது, வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தது ஆகியவை வாங்கியவர் பக்கத்துக் காரணங்கள். உடைந்து வந்தது, வேலை செய்யவில்லை, பாகம் குறைகிறது, வேறு பொருள் வந்தது, விவரிப்போடு ஒத்துப்போகவில்லை ஆகியவை விற்றவர் பக்கத்துக் காரணங்கள். முதல் வகை என்றால் விற்பனையாளர் தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் ரிட்டர்ன் நிபந்தனை செல்லும். அதில் “திருப்பி அனுப்பும் செலவு வாங்குபவருடையது” என்று இருந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும். “ஃப்ரீ ரிட்டர்ன்” என்று இருந்தால் அவர் கட்ட வேண்டும். இரண்டாவது வகை என்றால் அவர் என்ன எழுதியிருந்தாலும் செலவு அவருடையதே.

இந்தக் கடைசி வாக்கியத்தை வாங்குபவர்களும் விற்பவர்களும் சரியாக உள்வாங்குவதில்லை. “ரிட்டர்ன் ஏற்கப்படாது” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பக்கத்தில் வாங்கிய பொருள் உடைந்து வந்தால், பலர் அந்த வரியைப் பார்த்துப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த வரி மனம் மாறியவர்களுக்கு மட்டும்தான். ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதம் அதற்கு மேலே நிற்கிறது. பொருள் கைக்கு வந்து 30 நாட்களுக்குள் ரிட்டர்ன் கோரிக்கையைத் திறந்தால் போதும். அதேபோல விவரிப்பின் அடியில் “திருப்பி அனுப்பும் செலவை எந்த நிலையிலும் தரமாட்டோம்” என்று சொந்த வாசகம் சேர்க்கும் விற்பனையாளர்களும் உண்டு. ஈபே தகராறைத் தீர்க்கும்போது அந்த வாசகத்துக்கு மதிப்பு இல்லை.

நடைமுறை இப்படிப் போகும். வாங்கிய பொருட்களின் பட்டியலில் அந்த ஆர்டரைத் திறந்து ரிட்டர்ன் கோரிக்கை போட வேண்டும். காரணத்தைத் தேர்ந்தெடுத்து, படங்களைச் சேர்த்து, குறையை இரண்டு வரியில் எழுத வேண்டும். விற்பனையாளருக்குப் பதில் சொல்ல 3 வேலை நாட்கள். அதற்குள் அவர் ரிட்டர்னை ஏற்று லேபிள் (தபால் கட்டணம் கட்டி, பார்சலில் ஒட்டத் தரும் சீட்டு) தரலாம், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளச் சொல்லி முழுப் பணமும் தரலாம், பகுதி ரீஃபண்ட் பேசலாம். 3 வேலை நாட்கள் தாண்டியும் அவர் அசையவில்லை என்றால், ஈபேயைத் தலையிடச் சொல்லும் பொத்தான் உங்களுக்குத் திறக்கும். பொருள் அவரிடம் சேர்ந்ததாக டிராக்கிங்கில் தெரிந்ததும் 2 வேலை நாட்களுக்குள் ரீஃபண்ட் தர வேண்டும்.

இதில் வாங்குபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. குறையுள்ள பொருளுக்கு விற்பனையாளர் செய்தியில், “நீங்களே அனுப்பிவிடுங்கள், தபால் செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று இதமாக எழுதுவார். அதை நம்பிச் சொந்தக் காசில் அனுப்பினால், ரீஃபண்டில் பொருளின் விலை மட்டும் வரும். சிஸ்டம் அந்தக் கோரிக்கையை முடிந்ததாகக் குறித்துவிடும். பிறகு தபால் ரசீதைக் காட்டிக் கேட்பதற்கு முறையான இடம் எதுவும் மிஞ்சாது. எனவே லேபிள் முதலில் வர வேண்டும். ஈபே தரும் லேபிளோ, விற்பனையாளர் பதிவேற்றும் லேபிளோ, இரண்டும் சரி. லேபிள் கிடைக்காத வழித்தடமாக இருந்தால், தபால் தொகையை ரிட்டர்ன் கோரிக்கையின் வழியாகவே முன்கூட்டி அனுப்பச் சொல்லுங்கள். பேசுவதெல்லாம் ஈபேயின் செய்திப் பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். வெளியே போன் அரட்டையில் கொடுத்த வாக்கு சாட்சியாக நிற்காது.

இன்னொரு தவறு, பார்சலை வாங்க மறுத்துத் திருப்பிவிடுவது. வாசலில் பெட்டி நசுங்கியிருப்பதைப் பார்த்ததும் மறுப்பது புத்திசாலித்தனம் போலத் தோன்றும், தபால் செலவும் மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் டெலிவரியை மறுத்தால் ஈபேயின் உத்தரவாதம் செல்லாது. நசுங்கிய பெட்டியை வாங்கி, திறக்கும் முன் ஆறு பக்கமும் படம் எடுத்து, பிறகு கோரிக்கை திறப்பதே பாதுகாப்பு.

“ஃப்ரீ ரிட்டர்ன்” என்ற சொல்லுக்கும் ஒரு எல்லை உண்டு. அங்கே மனம் மாறியதற்கும் விற்பனையாளரே லேபிள் செலவை ஏற்கிறார், வந்த தபால் செலவையும் சேர்த்துத் தருகிறார். ஆனால் பொருள் பயன்படுத்தப்பட்டோ சேதமாகியோ பாகம் குறைந்தோ திரும்பினால், தகுதியுள்ள விற்பனையாளர் ரீஃபண்டில் 50 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளலாம். செருப்பைத் தெருவில் போட்டு நடந்துவிட்டு இலவசமாகத் திருப்ப முடியாது. இது நியாயமான ஏற்பாடு. செலவை ஏற்பவருக்குத் தன் பொருளைக் காத்துக்கொள்ள ஒரு பிடி வேண்டும்.

ஈபேயின் பலவீனம் காரணத் தேர்வில் இருக்கிறது. மனம் மாறிய ஒருவர் “விவரிப்போடு ஒத்துப்போகவில்லை” என்று அழுத்தினால் தபால் செலவு விற்பனையாளர் தலையில் விழுந்துவிடும். பொய் என்று விற்பனையாளர் புகார் செய்யலாம். ஆனால் அந்த ரிட்டர்னுக்கான லேபிள் பணம் அதற்குள் போயிருக்கும். அதோடு, அந்த வகை ரிட்டர்ன்கள் மற்ற விற்பனையாளர்களைவிட அதிகமாகச் சேர்ந்தால் ஈபே கூடுதல் கமிஷனும் பிடிக்கிறது. சிறு விற்பனையாளருக்கு இது வயிற்றில் அடிப்பது. நிறம் பிடிக்கவில்லை என்றால் நிறம் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள். படத்தில் நீலமாகக் காட்டி, பச்சையாக அனுப்பியிருந்தால் மட்டுமே அது விவரிப்புப் பிழை.

அமேசானில் முதலில் பார்க்க வேண்டியது காரணத்தை அல்ல, பொருளை விற்பவர் யார், அனுப்புபவர் யார் என்பதை. பொருள் பக்கத்தில் அந்த இரண்டு வரிகளும் தனித்தனியாக இருக்கும். அமேசான் கிடங்கிலிருந்து போகும் பொருள் என்றால், விற்பவர் வெளியாளாக இருந்தாலும் ரிட்டர்னை அமேசானே கையாளும். விற்பவரோடு பேச வேண்டிய தேவையே வராது. விற்பவரே நேரடியாக அனுப்பும் பொருள் என்றால்தான் கவனம் வேண்டும். அங்கேயும் அமேசானின் சொந்த ரிட்டர்ன் நிபந்தனைக்குக் குறையாத ஒன்றை அவர் தந்தாக வேண்டும் என்பது விதி.

அமேசானிலும் காரணமே செலவைப் பிரிக்கிறது. “இனி தேவையில்லை” என்றால் லேபிள் செலவு ரீஃபண்டில் கழியலாம். “பழுது”, “விவரிப்பு தவறு” என்றால் கழியாது. எவ்வளவு கழியும் என்பது லேபிளை உறுதி செய்யும் திரையிலேயே தெரியும். அதைப் படிக்காமல் அடுத்த பொத்தானுக்குப் போய்விடாதீர்கள். சில இடங்களில் கூரியர் வந்து எடுத்துப்போகும் வழிக்கு ஒரு தொகையும், நாமே கொண்டுபோய்க் கொடுக்கும் வழிக்கு இலவசமும் அதே திரையில் அடுத்தடுத்து இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக அனுப்பும் விற்பனையாளர்கள் விஷயத்தில் அமேசானின் ஏற்பாடு மற்றவர்களைவிடத் தெளிவானது. அப்படிப்பட்டவர் மூன்றில் ஒன்றைச் செய்ய வேண்டும்: சந்தை இருக்கும் நாட்டுக்குள் ஒரு ரிட்டர்ன் முகவரி தர வேண்டும், அல்லது பணம் கட்டிய சர்வதேச லேபிள் தர வேண்டும், அல்லது பொருளைத் திரும்பக் கேட்காமல் பணத்தைத் தர வேண்டும். கடல் தாண்டிய முகவரியைக் கொடுத்துவிட்டு “அனுப்பிவையுங்கள்” என்று மட்டும் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. விற்பவருக்கு எழுதி 48 மணி நேரம் காத்திருந்து, தீர்வில்லை என்றால் வாங்குபவருக்கு அமேசான் தரும் ‘ஏ டு ஸெட்’ உத்தரவாதத்தில் கோரிக்கை போடலாம். அதற்கான கால எல்லை, டெலிவரிக்குச் சொல்லப்பட்ட கடைசி தேதியிலிருந்து 90 நாட்கள்.

எட்ஸி வேறு மாதிரி. கையால் செய்தவை, பழம்பொருட்கள், பெயர் பொறித்துச் செய்தவை என்று விற்கும் இடம் என்பதால் ரிட்டர்ன் ஏற்பதா வேண்டாமா என்பதையே ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறார். ஏற்கிறார் என்றால், அங்கே வழக்கமான வாசகம் இதுதான்: திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது, பொருள் வந்த நிலையில் திரும்பாவிட்டால் மதிப்புக் குறைவும் வாங்கியவருடையதே. குறை உள்ள பொருள், வேறு பொருள் என்றால் இந்த வாசகம் செல்லாது, செலவு கடைக்காரருடையது. முதலில் ஆர்டர் பக்கத்திலிருந்து உதவிக் கோரிக்கை எழுத வேண்டும், 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும், பிறகுதான் வழக்கு திறக்க முடியும். டெலிவரிக்கு மதிப்பிட்ட தேதியிலிருந்து 100 நாட்கள் வரை திறக்கலாம்.

எட்ஸியில் சிக்கல் “குறை” என்ற சொல்லில்தான். கையால் வனைந்த குவளையில் நிறம் சற்று மாறுவது குறையா, இயல்பா? கடைக்காரர் விவரிப்பில் “ஒவ்வொன்றும் சற்று மாறுபடும்” என்று எழுதியிருந்தால் உங்கள் வாதம் பலவீனப்படும். அளவு, எடை, பொருள் வகை போன்ற அளக்கக்கூடிய விஷயத்தைப் பிடியுங்கள். 12 செ.மீ. என்று எழுதி 10 செ.மீ. வந்தால், அளவுகோலை அருகில் வைத்து எடுத்த ஒரே படம் போதும்.

இனி பேபால், இணையத்தில் பணம் செலுத்தும் சேவை. எல்லோரும் கடைசிப் புகலிடமாக நினைக்கும் இடம். திருப்பி அனுப்பும் செலவைப் பொறுத்தவரை இங்கேதான் வாங்குபவருக்கு அதிக நஷ்டம். பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்கள் வரை தகராறு திறக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் “விவரிப்போடு ஒத்துப்போகவில்லை” என்ற கோரிக்கையில் நீங்கள் வென்றாலும், பொருளை உங்கள் செலவில் திருப்பி அனுப்பச் சொல்லும் உரிமையை பேபால் தன் ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறது. அதே குறைக்கு ஈபேயின் கதவைத் தட்டியிருந்தால் லேபிள் விற்பனையாளர் கணக்கில் வந்திருக்கும். திருப்பி அனுப்பிய செலவைத் தானே ஈடுசெய்யும் ஒரு திட்டத்தை பேபால் முன்பு நடத்தியது. 2022-இல் அதை நிறுத்திவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்னும் அதைத் தேடுகிறவர்கள் உண்டு.

எனவே வரிசை முக்கியம். முதலில் சந்தையின் ரிட்டர்ன் பக்கம். அதன் கால எல்லை முடிந்துபோயிருந்தால், அல்லது அங்கே தீர்ப்பு எதிராகப் போயிருந்தால் மட்டுமே பேபால் அல்லது கார்டு வங்கி. இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. பேபாலிலோ வங்கியிலோ கோரிக்கை திறந்தவுடன் ஈபே தன் பக்கத்துக் கோரிக்கையை மூடிவிடும். அதோடு இலவச லேபிளும் போய்விடும்.

சந்தை விதிகளுக்கு மேலே சட்டம் இருக்கிறது, அது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011/83 எண் நுகர்வோர் உரிமை ஆணை, இணையத்தில் வாங்கியவருக்குக் காரணமே சொல்லாமல் 14 நாட்களுக்குள் விலகும் உரிமை தருகிறது. திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது. ஆனால், “அது உங்கள் செலவு” என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லத் தவறியிருந்தால் செலவு விற்பவருக்கே போய்விடும். வந்த தபால் செலவை அவர் திருப்பித் தர வேண்டும். அதிலும் சாதாரண டெலிவரிக்கான தொகை மட்டும், நீங்கள் கேட்டு வாங்கிய விரைவு சேவையின் கூடுதல் தொகை இல்லை. ஜெர்மனியில் இந்த ஆணை 2014 ஜூனில் நடைமுறைக்கு வரும் முன், 40 யூரோவுக்கு மேற்பட்ட பொருளானால் விற்பவரே திருப்பும் செலவை ஏற்க வேண்டும் என்று இருந்தது. அந்தப் பழக்கத்தின் நினைவில் இன்றும் சிலர் வாதாடுகிறார்கள்; அது செல்லாது.

பழுதான பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு சட்டம். 2019/771 எண் ஆணை, பழுது நீக்குவதும் மாற்றித் தருவதும் “இலவசமாக” நடக்க வேண்டும் என்கிறது. அந்த “இலவசம்” என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே தபால் செலவை வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம், பழுதான பொருளை 30 நாட்களுக்குள் நிராகரிக்கும் உரிமையோடு, திருப்பி அனுப்பும் நியாயமான செலவையும் வணிகர் மேல் வைக்கிறது. இந்தியாவின் 2020 மின்வணிக விதிகள், பழுதான, போலியான, விளம்பரத்தோடு பொருந்தாத பொருளைத் திரும்ப ஏற்க மறுக்கக் கூடாது என்று விற்பனையாளருக்குச் சொல்கின்றன. திருப்பி அனுப்பும் செலவு பற்றிய தகவலைத் தெளிவாகத் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. அமெரிக்காவில் இணையத்தில் வாங்கியதை மனம் மாறித் திருப்ப மத்தியச் சட்டம் எதுவும் உரிமை தரவில்லை. அங்கே சந்தையின் நிபந்தனைதான் எல்லாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஐரோப்பாவின் 14 நாள் உரிமை வணிகரிடம் வாங்கியதற்கு மட்டும். வீட்டில் கிடந்த பழைய கேமராவை விற்கும் தனிநபரிடம் அது செல்லாது. ஐரோப்பாவில் 2022 மே 28 முதல், விற்பவர் வணிகரா தனிநபரா என்பதைச் சந்தை காட்டியாக வேண்டும். வாங்கும் முன் அந்த ஒரு வரியைப் பார்த்தால் பின்னால் ஏமாற்றம் இல்லை.

செலவு யாருடையது என்று தெரிந்த பிறகு, அது எவ்வளவு ஆகும் என்பதில்தான் அடுத்த அதிர்ச்சி. கூரியர்கள் உண்மையான எடை, கொள்ளளவு எடை இரண்டையும் பார்த்து, எது அதிகமோ அதற்கு வாங்குகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கொள்ளளவு எடை கிலோவில் வரும். பெரிய சர்வதேச கூரியர்கள் பயன்படுத்தும் கணக்கு இது. காற்றை உறிஞ்சிச் சுருட்டி அனுப்பிய மெத்தை விரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது பெட்டி 40 × 20 × 20 செ.மீ., அதாவது 3.2 கிலோ. பிரித்ததும் அது மூச்சு விட்டு விரிந்துவிடும். மடித்துக் கட்டினால் 70 × 50 × 20 செ.மீ., அதாவது 14 கிலோ. பொருள் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. கட்டணம் போடும் எடை நான்கு மடங்குக்கும் மேல். தலையணை, மெத்தை விரிப்பு, பஞ்சு பொம்மை போன்றவற்றை வாங்கும் முன் “மனம் மாறினால் செலவு யாருடையது” என்ற வரியைக் கட்டாயம் படியுங்கள். திறந்த பிறகு அவற்றை வந்த அளவுக்குத் திரும்பக் கொண்டுவர வீட்டில் வழியில்லை.

லேபிளில் குறித்த எடைக்கும் அளவுக்கும் மேல் போனாலும் சிக்கல்தான். விற்பனையாளர் தந்த லேபிள் 2 கிலோவுக்கானது, நீங்கள் பெரிய பெட்டியில் போட்டு 3 கிலோ ஆக்கினால், கூரியர் வித்தியாசத்தை லேபிள் வாங்கியவரிடம் பிடிக்கும், அவர் அதை உங்கள் ரீஃபண்டில் கழிக்கப் பார்ப்பார். முடிந்தால் வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்புங்கள். பழைய லேபிளின் பார்கோடைக் கிழித்தெடுங்கள், அல்லது முழுவதும் மூடுங்கள். ஸ்கேனர் பழைய கோடைப் படித்தால் பார்சல் உங்கள் வீட்டுக்கே வந்து நிற்கும். உடையும் பொருளுக்குச் சுற்றிலும் 5 செ.மீ. மெத்து வேண்டும். பெட்டியின் வாய்த் தையலிலும் இரண்டு ஓரங்களிலும் டேப் ஒட்டுங்கள். உள்ளே ஆர்டர் எண்ணும் ரிட்டர்ன் எண்ணும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

கவுண்டரில் கொடுக்கும்போது எடை அச்சிட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். “காலிப் பெட்டி வந்தது” என்று மறுபக்கம் சொன்னால், அந்த எடைதான் உங்கள் சாட்சி. போன், கேமரா என்றால் ஐஎம்இஐ அல்லது சீரியல் எண் தெரியும்படி ஒரு படம், அதே பொருள் பெட்டிக்குள் போவது தெரியும்படி இன்னொரு படம். பெட்டியில் போட்டு மூடியபின் ஞாபகம் வந்து பயனில்லை. பார்சலைத் தெருவோரப் பெட்டியில் போட்டுவிட்டு வருவதைவிட, கவுண்டரில் ஸ்கேன் ஆவதைப் பார்த்துவிட்டு வருவது மேல்.

டிராக்கிங் இல்லாத மலிவான தபாலில் ரிட்டர்ன் அனுப்பவே கூடாது. சர்வதேச தபால் எண் 13 எழுத்து கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டுக் குறி இரண்டு எழுத்து. முதல் எழுத்து ‘ஆர்’ என்றால் பதிவுத் தபால், ‘சி’ என்றால் பார்சல், ‘ஈ’ என்றால் இஎம்எஸ் விரைவுத் தபால், ‘எல்’ என்றால் டிராக்கிங் உள்ள சிறு பொதி. ‘யு’ என்று தொடங்கினால் அது சுங்கத்துக்கான அடையாள எண்தான். ஒப்படைத்ததற்குச் சாட்சி தராது. ஈபே ஆனாலும் பேபால் ஆனாலும் கேட்பது ஒன்றுதான்: சேர்ந்ததாகக் காட்டும் டிராக்கிங். அது இல்லையென்றால் பொருளும் போய்விடும், பணமும் வராது.

எல்லை தாண்டித் திருப்பும்போது சுங்கப் படிவம் இருக்கிறது. சிஎன்22, சிஎன்23 இரண்டிலும் “திரும்பும் பொருள்” என்ற கட்டம் உண்டு. அதில் குறியிட்டு, மூல ஆர்டர் விலைச்சீட்டின் நகலைப் பார்சலுக்கு வெளியே உறையில் ஒட்ட வேண்டும். இதைச் செய்யாமல் “விற்பனைப் பொருள்” என்று குறித்தால், விற்பவர் தன் சொந்தப் பொருளுக்கே இறக்குமதி வரி கட்ட வேண்டிவரும். பலர் கட்ட மறுப்பார்கள், பார்சல் திரும்பி வரும் அல்லது அழிக்கப்படும், ரீஃபண்ட் நின்றுவிடும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். வழியில் தொலைந்தால் குறைத்து எழுதிய விலைக்குத்தான் ஈடு கிடைக்கும்; அதோடு அது பொய்யான சுங்க அறிவிப்பு.

பேட்டரி விஷயத்தில் “அனுப்பித்தான் ஆக வேண்டும்” என்ற வாதமே உடைந்துபோகும். ஆபத்தான சரக்குகளுக்கு உலகெங்கும் வழங்கும் எண் வரிசையில், சாதனத்துக்குள் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரி யுஎன்3481, தனியாக வரும் பேட்டரியும் பவர் பேங்கும் யுஎன்3480. நல்ல நிலையில் உள்ள சாதனத்தை நிபந்தனைகளோடு அனுப்பலாம். உப்பிய, கசிந்த, சூடேறும் பேட்டரியை விமானத்தில் அனுப்பத் தடை இருக்கிறது. பவர் பேங்க் உப்பிவிட்டது என்று ரிட்டர்ன் போட்டால், சிஸ்டம் தானாக விமான லேபிள் தந்தாலும் அதை ஒட்டி அனுப்பாதீர்கள். உயிருக்கே ஆபத்து. உப்பலைக் காட்டும் படத்தோடு, “பேட்டரி சேதம், விமானத்தில் அனுப்ப இயலாது, பொருளைத் திருப்பாமல் ரீஃபண்ட் வேண்டும்” என்று கோரிக்கைக்குள்ளேயே எழுதுங்கள்.

பகுதி ரீஃபண்ட் பேச்சு வரும்போது கணக்குப் போட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். பொருள் விலை 100, திரும்பும் லேபிள் 30 என்று வைத்துக்கொள்வோம். குறை விற்பவர் பக்கம் என்றால், பொருள் திரும்பினால் அவர் கையிலிருந்து போவது 130. திரும்பி வருவது உடைந்த பொருள். அவர் “20 தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்” என்றால் அது அவருக்கு லேபிள் செலவைவிடக் குறைவு. பொருள் உங்களுக்கு ஓரளவு பயன்படும் என்றால் 40, 50 என்று கேட்பதில் தவறில்லை, அவருக்கும் அது லாபமே. பயன்படாது என்றால் பகுதி ரீஃபண்டை ஏற்காதீர்கள். ஏற்றவுடன் கோரிக்கை மூடும், மறுபடி திறக்காது.

விற்பவர்களுக்கும் ஒரு கணக்கு. விலை 100 உள்ள பொருளை 100 பேருக்கு விற்று, 6 திரும்புகிறது. அனுப்பும் தபால் 10, திரும்பும் லேபிள் 15. ஆறுக்கும் இரண்டையும் நீங்களே ஏற்றால் 150. திரும்பாத 94 விற்பனையின் வரவு 9,400. அதில் இது சுமார் 1.6 சதவீதம். சிறிய, எடை குறைந்த, அடைத்துத் திரும்பினால் மறுபடி விற்கக்கூடிய பொருளுக்கு ஃப்ரீ ரிட்டர்ன் தருவது தாங்கக்கூடியது. பொய்க் காரணம் சொல்லும் தேவையும் வாங்குபவருக்கு இல்லாமல் போகிறது. அதே கணக்கை மெத்தை விரிப்புக்குப் போட்டால் லேபிள் 15 என்பது 60 ஆகும், 6 திரும்பினால் மொத்தம் 420, திரும்பியதை மறுபடி விற்கவும் முடியாது. அங்கே “செலவு வாங்குபவருடையது” என்று வைத்து, திரும்பும் பெட்டியின் தோராய அளவையும் கட்டணத்தையும் விவரிப்பின் மேல்பகுதியிலேயே எழுதிவிடுங்கள். ஐரோப்பாவுக்கு விற்கும் வணிகர் என்றால், சாதாரண தபாலில் திரும்ப முடியாத பெரும்பொருளுக்கு அந்தத் தொகையை முன்கூட்டிச் சொல்வது சட்டக் கட்டாயமும்கூட. சொல்லாவிட்டால் லேபிளுக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும்.